கைக்குழந்தை உள்ள வீட்டில் வயிற்றுப்போக்கு வராமல் இருக்க: நான் தாமதமாகக் கற்ற எட்டு வேலைகள்

ஆடியில் குடிபோகக் கூடாது என்று அத்தை தலையால் அடித்துக்கொண்டார். கேட்காமல் சென்னையிலிருந்து விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு பேரூராட்சிக்கு வாடகை வீட்டுக்கு வந்தோம். மகளுக்கு அப்போது மூன்று மாதம். அடுத்த ஏழு மாதத்தில் அவளுக்கு மூன்று முறை வயிற்றுப்போக்கு. மூன்றாவது முறை நான்கு நாள் வார்டில் படுத்திருந்தோம். அத்தை ஆடி மாதத்தைக் குற்றம் சொன்னார். டாக்டர் மூன்று கேள்வி கேட்டார்: டேங்க் எப்போது கழுவினீர்கள், வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு மருந்தின் மூன்றாவது டோஸ் போட்டாயிற்றா, குழந்தை ஆய் போனால் துணியை எங்கே அலசுகிறீர்கள்? மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை.

அந்தப் பதில்களைத் தேடி அலைந்ததைத்தான் இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன். முதல் குழந்தைக்காரர்களுக்கும் புது ஊருக்குக் குடிபோகிறவர்களுக்கும் உதவும். மொத்தச் செலவு நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு, அலைச்சல்தான் கொஞ்சம் அதிகம்.

1. முதலில் காகிதங்கள்

சோப்பு, டெட்டால் எல்லாம் அப்புறம். தாய் சேய் நல அட்டை, பிறப்புச் சான்றிதழ், கர்ப்பமாக இருந்தபோது கொடுத்த பிக்மி எண், உங்கள் ஆதார், இந்த நான்கையும் ஒரே உறையில் போடுங்கள். அட்டையின் எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்து வீட்டில் இரண்டு பேருக்காவது அனுப்பி வையுங்கள். எங்கள் அட்டை அம்மா வீட்டு பீரோவில் பத்திரமாக இருந்தது, அதுதான் பிரச்சினையே.

பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. பெயர் வைக்கவில்லை என்பதற்காகப் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள், பெயரை ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம்.

புது ஊருக்கு வந்த முதல் வாரத்திலேயே அந்தப் பகுதியின் கிராம சுகாதார செவிலியரையோ நகர்ப்புறச் செவிலியரையோ கண்டுபிடித்து, "இந்தத் தெருவுக்கு வந்திருக்கோம், குழந்தைக்கு இவ்வளவு மாசம்" என்று சொல்லிவிடுங்கள். அவர் கையில் எந்தக் குழந்தைக்கு எப்போது என்ன ஊசி என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் உங்கள் பெயர் ஏறாவிட்டால் யாரும் உங்களைத் தேடி வர மாட்டார்கள். யாரைக் கேட்பது என்று தெரியவில்லை என்றால் பக்கத்து அங்கன்வாடியில் கேளுங்கள், ஐந்து நிமிடத்தில் அவருடைய போன் எண் கிடைத்துவிடும்.

2. தடுப்பூசியில் எது விட்டுப்போயிருக்கிறது என்று பாருங்கள்

வயிற்றுப்போக்குக்கு நேரடியாகத் தொடர்புள்ளது ரோட்டா சொட்டு மருந்து. அரசுத் திட்டத்தில் 6, 10, 14 வாரங்களில் மூன்று டோஸ், இலவசம். பெரும்பாலான ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதன்கிழமை தடுப்பூசி நாள். காலையில் சீக்கிரம் போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் வரிசை வாசல் தாண்டும்.

நாங்கள் மாட்டிக்கொண்ட இடம் இது. 6, 10 வார டோஸ்கள் சென்னையில் அரசு மையத்தில். 14 வார ஊசிகளை, இடம் மாறியதால், ஒரு தனியார் கிளினிக்கில் போட்டோம். அங்கே அவர்களுடைய சொந்தப் புத்தகத்தில் எழுதிக் கொடுத்தார்கள். மற்றதெல்லாம் போட்டார்கள், ரோட்டா மட்டும் விட்டுப்போனது. தனியாரில் கிடைக்கும் சில ரோட்டா மருந்துகள் இரண்டே டோஸ் என்பதால், இரண்டு போட்டாயிற்று, முடிந்தது என்று நினைத்துவிட்டார்கள் போல. நானும் பார்க்கவில்லை. அரசிலும் தனியாரிலும் மாற்றி மாற்றிப் போடுகிறவர்கள் இரண்டு புத்தகத்தையும் ஒவ்வொரு முறையும் கையில் கொண்டுபோய், ஒன்றில் இருப்பதை இன்னொன்றில் எழுதச் சொல்லுங்கள்.

முதல் டோஸை ஒரு வயதுக்குள் கொடுத்திருந்தால் மீதியைத் தாமதமானாலும் முடித்துவிடலாம். முதல் டோஸே ஒரு வயது தாண்டிவிட்டால் அரசுத் திட்டத்தில் கொடுப்பதில்லை. அதனால் இந்த ஒன்றைத் தள்ளிப்போடவே போடாதீர்கள். லேசான சளி, லேசான காய்ச்சல் இருந்தாலும் அழைத்துப் போங்கள், வேண்டாம் என்று சொல்ல வேண்டுமானால் செவிலியர் சொல்லட்டும்.

9 மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி, அதோடு வைட்டமின் ஏ திரவம். அதையும் அட்டையில் தேடுங்கள். டைபாய்டு ஊசி அரசுப் பட்டியலில் இல்லை, தனியாரில்தான். போடலாமா என்று உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

3. தண்ணீர்

எனக்கு அதிக நாள் எடுத்த வேலை இதுதான்.

ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தண்ணீரே வேண்டாம், தாய்ப்பாலில் இருப்பது போதும். சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், உரைகல்லில் உரசி நாக்கில் தடவும் மருந்து, எல்லாமே இந்தக் காலத்தில் கிருமிக்குக் கதவு திறந்துவிடும் வேலை. அந்த உரைகல்லை யார் எப்போது கழுவினார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

ஆறு மாதத்துக்குப் பிறகு: முதலில் மாடிக்கு ஏறி டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். எங்கள் டேங்கில் மூடி உடைந்து பாதிதான் இருந்தது, அடியில் இரண்டு விரல் உயரத்துக்குச் சேறு, ஓரத்தில் ஒரு செத்த பல்லி. வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன், "போன வருஷம்தாம்மா கழுவினோம்" என்றார். அந்தப் பல்லியைப் படம் எடுத்து அனுப்பினேன். மறுநாளே ஆள் வந்தது. ஆயிரம் லிட்டர் டேங்குக்குக் கூலி 700 ரூபாய், புது மூடி 350, இரண்டையும் வாடகையில் கழித்துக்கொண்டோம்.

கழுவி முடித்து நிரப்பிய பிறகு பிளீச்சிங் பவுடர். ஆயிரம் லிட்டருக்குச் சுமார் இரண்டரை கிராம் போதும். கைப்பிடிக் கணக்கில் போடாதீர்கள், மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசில் பத்து கிராம் நிறுத்து, அதை நான்காகப் பிரித்து ஒரு பங்கை எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்த நீரை மட்டும் டேங்கில் ஊற்றி, ஒரு மணி நேரம் குழாயைத் திறக்காமல் விடுங்கள். பல மாதமாகத் திறந்து கிடந்த பவுடரில் குளோரின் போயிருக்கும், வெறும் சுண்ணாம்புதான். மூக்கில் சுருக்கென்று ஏறாத பவுடரை வாங்காதீர்கள்.

தண்ணீர் சரியா இல்லையா என்று தெரிந்துகொள்ள எச்-டூ-எஸ் குப்பி என்று ஒன்று இருக்கிறது. கோடு வரை தண்ணீரைப் பிடித்து மூடி வைத்தால், மலக்கிருமி கலந்திருந்தால் ஒன்றிரண்டு நாளில் கறுத்துவிடும். ஊராட்சிப் பகுதிகளில் ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைப் பயிற்சி கொடுத்துப் பெட்டியும் தரும் ஏற்பாடு உண்டு. உங்கள் ஊரில் யார் என்று ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். கழுவுவதற்கு முன் பிடித்து வைத்த எங்கள் டேங்க் தண்ணீர் மறுநாளே தார் மாதிரி கறுத்தது. அந்தக் குப்பியை அலமாரியில் வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் காட்டினேன்.

கேன் தண்ணீர் வாங்குகிறோம், எங்களுக்கு என்ன என்பவர்களுக்கு: கேனில் ஐ.எஸ். 14543 என்ற எண்ணோடு ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா, மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரை இருந்தாலும் கேனைக் கவிழ்க்கும் மண்பானையையும் அதன் குழாயையும் வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவாவிட்டால் பயன் இல்லை.

குழந்தைக்குக் கொதிக்க வைத்த தண்ணீர்தான். குமிழி பொங்கிக் கொதிக்க ஆரம்பித்து ஒரு நிமிடம் போதும். அப்புறம்தான் எல்லோரும் செய்யும் தப்பு வரும்: சூடாக இருக்கிறதே என்று குடத்துத் தண்ணீரை ஊற்றி விளாவுவது. கொதிக்க வைத்ததே வீண். இரவிலேயே கொதிக்க வைத்து, அதே பாத்திரத்தில் மூடி ஆறவிட்டு, குழாய் வைத்த எவர்சில்வர் டிரம்மில் ஊற்றி வையுங்கள். ஐந்து லிட்டர் டிரம் எங்களுக்கு 900 ரூபாய் ஆனது. வாங்க முடியாவிட்டால் நீளக் கைப்பிடி உள்ள கரண்டி போதும். குடத்துக்குள் டம்ளரோடு நான்கு விரலும் முங்குகிறதே, அது நின்றாலே பாதி வேலை முடிந்தது.

4. கை

எப்போது கழுவ வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும்: கழிப்பறை போய்வந்ததும், குழந்தைக்குக் கால் கழுவிவிட்டதும், சமைக்கும் முன், ஊட்டும் முன். ஆனால் சோப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். குளியலறைக்குள் இருக்கும், ஊட்டுவதோ ஹாலில். ஐந்து எட்டு நடந்து போய் யாரும் கழுவ மாட்டார்கள், நானே மாட்டேன். கொல்லைக் குழாயில் ஒன்று, அடுப்படித் தொட்டியில் ஒன்று, பத்து ரூபாய் சோப்பைத் தேங்காய் நார் வலையில் போட்டுக் கட்டித் தொங்கவிடுங்கள். காக்கை தூக்காது, கரையாது. இல்லையென்றால் அரை லிட்டர் பாட்டில் தண்ணீரில் ஒரு ஸ்பூன் துணி சோப்புத்தூள் போட்டுக் குலுக்கி, மூடியில் ஆணியால் துளை போட்டு வையுங்கள். செலவு ஒரு ரூபாய் கூட ஆகாது.

அத்தையைச் சமாளித்ததுதான் பெரிய கதை. "நாங்கெல்லாம் இப்படியா வளர்த்தோம், நாலும் நல்லாத்தானே இருக்கு" என்பார். வாதாடினால் முகம் திரும்பிவிடும். ஒரு நாள் தேங்காயெண்ணெயில் மஞ்சள்தூள் குழைத்து, "அத்தை, உங்க கையில் கொஞ்சம் தடவிக்குங்க, என் கையிலும் தடவிக்கிறேன், யார் கை சீக்கிரம் வெளுக்குதுன்னு பார்க்கலாம்" என்றேன். அவர் வழக்கம்போல் தண்ணீரில் அலசி முந்தானையில் துடைத்தார். முந்தானை மஞ்சள், நக இடுக்கு மஞ்சள், கட்டைவிரல் மடிப்பு மஞ்சள். நான் சோப்பு போட்டு இருபது எண்ணும் வரை தேய்த்தேன். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் எழுந்ததும் வலையில் தொங்கிய சோப்பு நனைந்திருந்தது. மாமா இன்னும் வழிக்கு வரவில்லை, அது வேறு விஷயம்.

சானிடைசர் இருக்கிறதே என்றால், அது அழுக்கையும் பூச்சி முட்டையையும் எடுக்காது. பஸ்ஸில் போகும்போது வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் சோப்புதான். கை துடைக்கத் தனித் துண்டு வைத்து, அதை இரண்டு நாளைக்கு ஒருமுறை வெயிலில் போடுங்கள். நகம் வாரம் ஒருமுறை, உங்களுக்கும் சேர்த்துத்தான்.

5. குழந்தையின் ஆய் ஒன்றும் சுத்தமானது இல்லை

பால் குடிக்கிற குழந்தையுடையதுதானே என்று கொல்லை வாழை மரத்தடியில் கொட்டுவதும், பாத்திரம் தேய்க்கிற தொட்டியிலேயே துணி அலசுவதும் எங்கள் வீட்டிலும் நடந்தது. டாக்டர் அந்த மூன்றாவது கேள்வியைக் கேட்டது இதற்காகத்தான். கெட்டியானதைக் கழிப்பறைக் கோப்பையில் தட்டிவிட்டு, அலசிய தண்ணீரையும் அங்கேயே ஊற்றி, அப்புறம் சோப்பு போட்டுத் துவைத்து நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும். இதற்கென்று ஒரு தனி வாளி, தனி மக், கலர் வேறாக இருக்கட்டும். நாங்கள் சிவப்பு வாங்கினோம், இரண்டும் சேர்த்து 180 ரூபாய். டயாபர் என்றாலும் இதே கதைதான். முதலில் கோப்பையில் தட்டி, பிறகு செய்தித்தாளில் சுற்றித் தனியாகக் குப்பைக்காரரிடம் கொடுக்க வேண்டும். தெருநாய் இழுத்துப் போகிற மாதிரி வெளியே வைக்காதீர்கள்.

6. கழிப்பறை இல்லாத வீடு என்றால்

நாத்தனார் வீடு கிராம ஊராட்சியில். அவர்கள் கட்டியபோது கூடவே அலைந்ததால் எழுதுகிறேன். தூய்மை பாரத இயக்கத்தின் ஊரகத் திட்டத்தில் தனிநபர் கழிப்பறைக்கு ஊக்கத்தொகை 12,000 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள், அதற்கு மேலே என்றாலும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், சிறு குறு விவசாயிகள், நிலமற்ற தொழிலாளர்கள், மாற்றுத்திறனாளிகள், பெண் தலைமையில் உள்ள குடும்பங்கள் கேட்கலாம். ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம், போட்டோ, இடம் உங்களுடையது என்பதற்கு வீட்டு வரி ரசீது, இவற்றை எடுத்துக்கொண்டு ஊராட்சிச் செயலரைப் பாருங்கள். பேரூராட்சி, நகராட்சி என்றால் தொகையும் விண்ணப்பமும் வேறு.

மூன்று விஷயம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஒதுக்கீடு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் குழி தோண்ட வேண்டும். பணம் முன்பணமாக வராது, கட்டி முடித்துப் போட்டோ ஏற்றிய பிறகுதான் வங்கிக் கணக்கில் வரும், நாத்தனாருக்கு நான்கு மாதம் ஆனது. மூன்றாவது, பழைய பட்டியலில் ஏற்கெனவே கட்டியதாக உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அவர்கள் வீட்டில் மாமனார் பெயரில் அப்படி ஒரு பதிவு இருந்தது, வீட்டிலோ செங்கல்கூட இல்லை. தனிக் குடும்ப அட்டையைக் காட்டி மனு எழுதி அதைச் சரிசெய்யவே ஆறு வாரம். மனுவுக்கு ஒப்புகை வாங்காமல் வராதீர்கள்.

கொத்தனார் "செப்டிக் டேங்க் போட்டு அவுட்லெட்டைச் சாக்கடையில் விட்டுடலாம்" என்பார். ஒப்புக்கொள்ளாதீர்கள், அந்தச் சாக்கடை ஓரத்தில்தான் தெருக் குழந்தைகள் விளையாடுகிறார்கள். இரட்டைக் குழி கேளுங்கள்: ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம், இரண்டு குழிக்கும் நடுவில் ஒரு மீட்டர் இடைவெளி. ஒன்று நிறையும் வரை இன்னொன்றின் வாயை அடைத்து வைக்க வேண்டும். நிறைந்ததை இரண்டு வருடம் மூடி விட்டால் எருவாகிவிடும். கிணறு, போரிலிருந்து பத்து மீட்டராவது தள்ளி இருக்கட்டும். கோப்பை சரிவு அதிகமுள்ள ஊரக வகையாக இருந்தால் ஒன்றரை, இரண்டு லிட்டர் தண்ணீரிலேயே போய்விடும். சுவர், கதவு, கைகழுவும் குழாய் எல்லாம் சேர்த்து அவர்களுக்கு 31,000 ஆனது. 12,000-க்குள் முடியும் என்று யாராவது சொன்னால் கதவு இருக்காது.

7. பூச்சி மாத்திரை

வருடத்தில் இரண்டு முறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், அங்கன்வாடியிலும் பள்ளியிலும் இலவசமாக அல்பெண்டசோல் கொடுப்பார்கள். ஒரு வயது முதல் இரண்டு வயது வரை அரை மாத்திரை, அதற்கு மேல் ஒன்று. சின்னக் குழந்தைக்குப் பொடித்துத் தண்ணீரில் கலக்கித்தான், முழுசாக வாயில் போட்டால் அடைத்துக்கொள்ளும். அன்று காய்ச்சல் என்றால் விட்டுவிட்டு, ஒரு வாரம் கழித்து விடுபட்டவர்களுக்கான நாளில் கொடுக்கலாம். நடக்கத் தொடங்கியதும் கொல்லைக்குப் போக ஒரு செருப்பு.

8. அப்படியும் வந்துவிட்டால்

வரும். எல்லாம் செய்த பிறகும் எங்களுக்கு ஒருமுறை வந்தது, ஆனால் வார்டுக்குப் போகவில்லை.

ஓஆர்எஸ் (தண்ணீரில் கலந்து கொடுக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி) பாக்கெட்டும் ஜிங்க் மாத்திரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். வருவதற்கு முன்பே இரண்டு பாக்கெட் வாங்கி வையுங்கள். பாக்கெட்டில் எத்தனை மில்லி என்று படியுங்கள்: 21 கிராம் பாக்கெட் ஒரு லிட்டருக்கு, நான்கு கிராம் சொச்சம் உள்ள சின்னது 200 மில்லிக்கு. குழந்தை ஒரு லிட்டரா குடிக்கப் போகிறது என்று பெரிய பாக்கெட்டில் கொஞ்சம் கொட்டி ஒரு டம்ளரில் கலக்குவதுதான் நான் பார்த்ததில் மிக ஆபத்தான தப்பு. உப்பு அதிகமானால் உயிருக்கே ஆபத்து. ஒரு லிட்டருக்குப் பெரிய பாக்கெட் முழுசாக, 24 மணி நேரத்துக்கு மேல் மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். இரண்டு வயதுக்குள் என்றால் ஒவ்வொரு முறை போனதும் 50 முதல் 100 மில்லி, ஸ்பூன் ஸ்பூனாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, இன்னும் மெதுவாக.

மருந்துக் கடையில் ஓஆர்எஸ் என்று பெயரில் ஒட்டிக்கொண்டு அட்டைப்பெட்டியில் விற்ற இனிப்புப் பானங்கள் ஓஆர்எஸ் அல்ல, சர்க்கரை கூடுதல், அது போக்கை அதிகமாக்கும். ஐதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் வருடக்கணக்கில் போராடி, 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவு போட்டது. பொடிதான் கேட்டு வாங்குங்கள். நடு ராத்திரியில் எதுவுமே கையில் இல்லை என்றால், ஒரு லிட்டர் ஆறிய கொதிநீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

ஜிங்க் ஆறு மாதத்துக்கு மேல் 20 மில்லிகிராம், இரண்டு முதல் ஆறு மாதம் என்றால் 10, தினம் ஒருமுறை, 14 நாள். மூன்றாம் நாளே நின்றுவிட்டது என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள், அடுத்த முறை வராமல் இருக்கத்தான் மீதி நாட்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம், சோறும் நிறுத்த வேண்டாம். பெரியவர்களுக்கு வாங்கி வைத்த "நிறுத்துகிற மாத்திரை" குழந்தைக்குக் கூடவே கூடாது, டாக்டர் சொல்லாமல் ஆன்டிபயாடிக்கும் வேண்டாம்.

ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, கண் குழிவிழுந்திருக்கிறது, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகப் படிகிறது, ஆய் போகும்போது ரத்தம், எதைக் கொடுத்தாலும் வாந்தி, எழுப்பினாலும் சோர்ந்து விழுகிறது, இதில் ஒன்று இருந்தாலும் வீட்டில் உட்காராதீர்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தை என்றால் எதற்கும் காத்திருக்க வேண்டாம். ஆம்புலன்சுக்கு 108. போகலாமா வேண்டாமா என்று குழம்பினால் 104-இல் கேட்கலாம்.

கையில் எடுத்துப் போக ஒரு பை இப்போதே கட்டி வையுங்கள்: அட்டை, ஆதார் நகல், கலந்த ஓஆர்எஸ் பாட்டில், ஸ்பூன், நான்கு துணி, சோப்பு ஒன்று. சோப்பை மறக்காதீர்கள், வார்டில் நான்கு நாளும் கைகழுவும் தொட்டியில் ஒரு சோப்பு இல்லை.